பூவுக்கு ஈரப்பதம் பார்த்த கதை

போன மாதம் தஞ்சாவூரில், வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. விமானத் துறையில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டியவள் இந்த ஊரிலேயே இருக்கிறாள் என்று யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் பேசிய தம்பி கைப்பேசியில் ஒரு வரைபடத்தைத் திறந்து காட்டினார். பச்சை என்றால் பறக்கலாம், மஞ்சள் என்றால் கேட்டுவிட்டுப் பறக்கலாம், சிவப்பு என்றால் பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதானாம். நாங்கள் பதினேழு கையெழுத்து வாங்கிச் செய்த வேலையை ஒரு விரலால் தள்ளிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசியில் ஒரு பெண் எழுந்து, "மேடம், இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது நீங்களே விதியை மீறியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். மைக்கில், கணீரென்று.

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் பெயர் மல்லிகா. தன் ஊர்ப் பெண்கள் ஐந்து பேரை அந்த வகுப்பில் சேர்க்க அழைத்து வந்திருந்தார். அவர் ஏன் சிரித்தார் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

நான் நன்னிலத்துக்காரி. பொறியியல் படித்துவிட்டு, சின்ன விமானங்களைச் சோதித்து "பறக்கலாம்" அல்லது "பறக்கக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வேலைக்குச் சென்னையில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருடம் கிரீஸ், மண்ணெண்ணெய், பரீட்சை. அதில் ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஒரு பறக்கும் சங்கத்தில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்று ஓடுதளத்தின் கோடியில் இருந்த மரத்தில் மோதிவிட்டது. கிளம்புவதற்கு முன் பின்பக்கம் இரண்டு கேன் பெட்ரோலை ஏற்றியிருக்கிறார்கள். எடை கூடுமே என்று மெக்கானிக் கேட்டிருக்கிறார். "ரெண்டு கேன் தானே" என்றாராம் ஓட்டியவர். அவர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து யாராவது "தானே" போட்டு எடையைச் சொன்னால் மறுபடி நிறுத்துப் பார்க்காமல் விட மாட்டேன்.

என் மேலதிகாரி தாமோதரன் சார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு பச்சைப் பென்சில். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். யார் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்விதான்: "எந்த விதி?" மதியம் சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டால்கூட, "எந்த விதியில?" என்பார். விதி எண்ணைச் சொல்லிவிட்டால் போகலாம். அதற்காகவே நான் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன்.

விமானத்தைச் சோதிப்பதில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் புத்தகம், அப்புறம் விமானம், கடைசியில் மனுஷன். புத்தகம் என்றால் விமானத்தின் பதிவேடு. அது சுத்தமாக இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். "ஒரே மை, ஒரே சாய்வு. நேத்து ராத்திரி உக்காந்து எழுதியிருக்கான்" என்று மூடி வைப்பார். மூன்று விதப் பேனா, ஓரத்தில் எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை, நடுவில் ஒரு அடித்தல் திருத்தல் இருந்தால் முகம் மலரும். பிறகு விமானத்தை இரண்டு முறை சுற்றி வருவார். முதல் சுற்றில் கைகள் முதுகுக்குப் பின்னால், தொடவே மாட்டார். இரண்டாவது சுற்றில் தொடாத இடமே இருக்காது. பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார், அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று. கடைசியாக ஓட்டுகிறவரிடம் வந்து, ராத்திரி தூங்கினாயா, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மாமியார் மாதிரி விசாரிப்பார். நானும் கடைசிவரை அப்படியேதான் செய்தேன்.

இனிக் கலியபெருமாளுக்கு வருகிறேன். எங்கள் நன்னிலத்துக்குப் பக்கத்து ஊர். வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் பல வருடம் மெக்கானிக்காக இருந்தவர். எல்லாரும் ஊர் திரும்பும்போது டிவியும் போர்வையும் கொண்டு வருவார்கள். இவர் இரண்டு இருக்கை உள்ள ஒரு சின்ன விமானத்தைப் பிரித்துப் பெட்டிகளில் போட்டுக் கொண்டு வந்தார். பிரித்ததைப் பூட்ட அவருக்கு நான்கு மாதம் ஆனது. அதைப் பறக்கவிட எங்கள் துறைக்குப் பதினோரு வருடம் ஆனது.

மாதம் ஒரு முறை ரயிலேறி வந்துவிடுவார். கையில் மனு, பையில் அசோகா அல்வா. தாமோதரன் சார் மனுவை வாங்கிக்கொண்டு அசோகாவைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு முறை ஓடுதளத்துக்கான ஆதாரம் கேட்டதற்குப் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் இணைத்திருந்தார். நன்செய் நிலத்தின் வரப்புகளை வெட்டிச் சமப்படுத்தி, ரோடு ரோலர் விட்டு உருட்டி வைத்திருந்தார் மனிதர். அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அடங்கலில் பயிர் என்ற இடத்தில் "விமானம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். சார் பச்சைப் பென்சிலால் அதைச் சுழித்து, ஓரத்தில் "எத்தனை போகம்?" என்று எழுதினார். எனக்குத் தெரிந்து அவர் அடித்த ஒரே நகைச்சுவை அதுதான். கலியபெருமாளும் சளைக்காமல், "ஒரு போகத்துக்கே வழியக் காணோம் சார்" என்று பதில் மனு போட்டார்.

தனி ஆளாக வந்தால் மதிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று, தென் மாவட்டங்களில் இவரைப் போலவே விமானத்தைக் கொட்டகையில் கட்டிப்போட்டு வைத்திருந்த ஆறேழு பேரைத் தேடிப் பிடித்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். செயலாளர் இவரே. அதன்பிறகு மனுக்கள் முத்திரையோடு வந்தன. சங்கத்தின் மனுக்களைச் சார் தனிக் கோப்பில் சேர்த்து வைத்தார். "விதி மேல கோபப்பட்டுக் கத்துறவன் ஆயிரம் பேரு. எந்த வரியில கல்லு தடுக்குதுன்னு எழுதிக் காட்டுறவன் இவன் ஒருத்தன்" என்றார் என்னிடம். கலியபெருமாளிடம் சொல்லவில்லை.

ஒரு வழியாக விமானம் பதிவானது. உடனே அடுத்த மனு. அவர் ஊர் சிவன் கோவிலுக்குக் கும்பாபிஷேகம். கலசத்தில் புனித நீர் ஊற்றும் நேரத்தில் மேலேயிருந்து பூத்தூவ வேண்டும்.

அந்தக் காலத்து விதிப்புத்தகத்தில், பறக்கும் விமானத்திலிருந்து எதைக் கீழே போடலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. பாரத்துக்காக வைத்திருக்கும் மெல்லிய உலர்ந்த மணலைக் கொட்டலாம். தண்ணீரைக் கொட்டலாம். மல்லிகைப்பூவைக் கொட்டத் தனி அனுமதி வாங்க வேண்டும். "ஏன் மேடம், ஊர் தலையில மண்ணள்ளிப் போட்டா தப்பில்ல, பூ போட்டா தப்பா?" என்று கலியபெருமாள் கேட்டார். சார் அந்தக் கேள்வியையும் கோப்பில் சேர்த்தார்.

அனுமதி கிடைத்தது. பூ பதினைந்து கிலோ. உடன் போகிறவர் அறுபத்தைந்து கிலோவுக்கு மிகாமல். இந்த இரண்டையும் நேரில் நிறுத்துப் பார்த்து அனுப்ப நான் போக வேண்டும்.

வைகாசி மாதம், காலை ஆறு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. கலியபெருமாளின் மனைவி மல்லிகா என்னை வரவேற்று ஒரு முழம் மல்லிகையைக் கையில் கொடுத்தார். "வச்சுக்குங்கம்மா. நீங்களும் நம்ம பக்கம்தானாமே. கும்பாபிஷேகத்தன்னிக்கு வெறுந்தலையா நிக்கலாமா?" வைத்துக்கொண்டேன். கொட்டகையைக் காட்டி, "உள்ள நிக்கிறா பாருங்க, என் சக்களத்தி. பதினோரு வருஷமா அவளுக்குத்தான் எல்லாச் சிங்காரமும்" என்றார்.

முதலில் புத்தகம். மூன்று மை, இரண்டு கட்டைவிரல் ரேகை. திருப்தி. அப்புறம் விமானம். இரண்டு சுற்று. எஞ்சின் மூக்கில் இருந்ததால் பூ காற்றாடியில் சிக்காமல் பின்னால் போய்விடும். பெட்ரோல் சுத்தம். கடைசியில் மனுஷன். "தூங்கினீங்களா?" என்றேன். "யாகசாலைக்குப் போறேன்னு கிளம்பினேன் மேடம். இவ அறையில தள்ளி வெளிய பூட்டிட்டா. ஆறு மணி நேரம் தூங்கிட்டேன்" என்றார். மல்லிகாவை அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகுதான் வினை வந்தது. நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து தராசைக் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். பூச் சாக்கைத் தூக்கி வைத்தார்கள். இருபத்து நாலு கிலோ.

தராசு தப்பு என்று முதலில் எல்லாரும் நினைத்தோம். சாக்கைப் பிரித்தால் பூ சொதசொதவென்று இருந்தது. நடந்தது இதுதான். அது ஒரு கடையில் வாங்கிய பூ இல்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டுப் பூ வர வேண்டும் என்று ஏற்பாடு. பூ வாடக் கூடாதே என்று ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். வாங்கி வைத்தவர் தெளித்திருக்கிறார். சாக்கில் கட்டியவர் தெளித்திருக்கிறார். மற்றவர் தெளித்தது ஒருவருக்கும் தெரியாது. விடியற்காலையில் ஒரு புண்ணியவான் ஈரச்சாக்கைப் போட்டு மூடியும் வைத்திருக்கிறார்.

அடுத்து, உடன் போகிறவர். திருப்பணிக் குழுத் தலைவர், பட்டு வேட்டியும் மாலையுமாகத் தராசில் ஏறி நின்றார். எண்பத்தொன்று. விண்ணப்பத்தில் அறுபத்து நாலு என்று இருந்தது. கேட்டால், அது அவர் கல்யாணத்தின்போது இருந்த எடையாம்.

"இப்படிப் புறப்பட முடியாது" என்றேன்.

தராசோடு வந்திருந்த கொள்முதல் நிலையத்துக்காரர் ஈரப்பதம் பார்க்கும் கருவியைப் பையிலிருந்து எடுத்து, "பதினேழுக்கு மேல போனா மூட்டையைத் திருப்பிடுவோம்மா, பூவுக்கும் பாத்துரலாமா?" என்றார். "வருஷா வருஷம் எங்க நெல்லத் திருப்புனது போதாதுன்னு இப்ப சாமி பூவையும் திருப்புறாங்கய்யா" என்று கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். கலியபெருமாள் சிரிக்கவில்லை.

பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "மேடம், ஊரே அண்ணாந்து பாக்க நிக்குது. பதினோரு வருஷமா என்னைக் கிறுக்கன்னு சொன்ன ஊரு. ஒம்பது கிலோ தானே. நான் சமாளிச்சிருவேன்."

மறுபடி அந்தத் "தானே". தலைவரின் கூடுதல் எடையை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வெயில் ஏற ஏற விமானம் தரையை விட்டு எழ இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும். ஓடுதளத்தின் கோடியில் வரிசையாகத் தென்னை மரங்கள் நின்றன. "அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னா புத்தகத்தை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிடுவேன்" என்று சத்தம் போட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்பது கிலோவை எடுத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். யார் வீட்டுப் பூவை எடுப்பது? அத்தனை வீட்டுப் பெண்களும் சாக்கைச் சுற்றி நின்றார்கள். ஒரு பிடியை எடுக்க நீண்ட கையை நாலு கைகள் பிடித்துக்கொண்டன.

மல்லிகாதான் வழி சொன்னார். "எதையும் எடுக்க வேணாம். விதைநெல்லை எப்படிக் காய வைக்கிறோம்? வெயில்ல போட்டா முளைப்புப் போயிரும்னு நிழல்லதானே போடுறோம்? அதே மாதிரி செய்ங்க. தண்ணி போவும், பூ வாடாது."

கோவிலுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தைத் திறந்தார்கள். ஆண்களின் வேட்டிகளையெல்லாம் வாங்கிச் சிமெண்டுத் தரையில் விரித்தார்கள். அன்று அந்த ஊரில் பாதிப் பேர் துண்டோடு நின்றார்கள். பூவைப் பரப்பி எல்லா மின்விசிறிகளையும் போட்டார்கள். நெல்லைக் காலால் துழாவிப் பழகிய ஒருவர் பழக்க தோஷத்தில் காலை வைக்கப் போக, பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எல்லாம் கையால்தான், குனிந்தபடி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முகூர்த்தம் பத்தரைக்கு முடிகிறது. ஒன்பதரை வாக்கில் ஓரத்தில் கிடந்த ரோஜா இதழ்கள் விசிறிக் காற்றில் தாமாகவே எழும்ப ஆரம்பித்தன. "போதும், அள்ளுங்க" என்றார் மல்லிகா.

மறுபடி தராசு. சரியாகப் பதினைந்து. சாக்கின் வாயைக் கட்டி என் முத்திரையைப் போட்டேன்.

இனித் தலைவர். மனிதர் மாலையைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார். அதற்கெல்லாம் எண்பத்தொன்று அசைந்து கொடுக்கவில்லை. "இந்த ஊர்ல ஒல்லியா, பயப்படாத ஆள் யாராவது இருக்காங்களா?" என்றேன். எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"நானா? சக்களத்தி மடியிலயா?" என்றார் மல்லிகா. கலியபெருமாளைப் பார்த்தார். அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். மல்லிகா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தராசில் ஏறினார். நாற்பத்தெட்டு.

ஆனால் அனுமதிக் கடிதத்தில் தலைவர் பெயர் இருந்தது. சென்னைக்குப் போன் போட்டேன். விவரம் சொன்னேன்.

"பேரை மாத்தக் கூடாதுன்னு எந்த விதி?" என்றார் சார்.

யோசித்தேன். "இல்ல சார்."

"பேரை அடிச்சு எழுதிக் கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் எனக்கு எதுக்கம்மா போன்?" வைத்துவிட்டார்.

பத்து ஐந்துக்கு எஞ்சின் உறுமியது. விமானம் தென்னை மரங்களுக்கு மேலே போதுமான இடைவெளி விட்டு ஏறியது. நான் மூச்சு விட்டேன். இரண்டு முறை வட்டமடித்து, கோபுரத்துக்கு நேராக வந்தபோது வலது பக்கம் சாக்கு திறந்தது. காய்ந்த பூ அல்லவா, தனித்தனியாகப் பிரிந்து இறங்கியது. கலசத்தின் மேல் விழுந்தது, தலைகளின் மேல் விழுந்தது, காவல்துறை ஜீப்பின் மேல் விழுந்தது. மீதியைக் காற்று பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டது. அவர்களுக்கு ஓசியில் ஒரு கும்பாபிஷேகம். ஈரப் பூவாக இருந்திருந்தால் கட்டியாகப் போய்க் குருக்கள் தலையில் விழுந்திருக்கும்.

இறங்கி வந்ததும் கலியபெருமாளை ஊர் தோளில் தூக்கியது. மல்லிகா அவர் காதில் விழும்படி சொன்ன முதல் வார்த்தை: "மேலேருந்து பாத்தேன், நம்ம வீட்டுக் கொல்லைப் பக்கம் ஓடு உடைஞ்சு கிடக்குது. எத்தனை வருஷமா சொல்றேன், ஒரு தடவை ஏறிப் பாத்தீங்களா?"

ஏழு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். சார் அதிலிருந்து ஒரே ஒரு வரியைப் பச்சைப் பென்சிலால் கோடிட்டு, பிறகு வந்த அனுமதிகளில் எல்லாம் நிபந்தனையாகச் சேர்த்தார்: தூவப்படும் பூ ஈரமாக இருக்கக் கூடாது. மூன்றே வாரத்தில் அதை எதிர்த்து ஒரு மனு வந்தது. ஈரமே இல்லாத பூ பூவே அல்ல, சருகு; ஆகவே "ஈரம் வடிந்த பூ" என்று திருத்த வேண்டும். இப்படிக்கு, கலியபெருமாள், செயலாளர். சார் அதை இரண்டு முறை படித்தார். "நல்ல மனு" என்றார். திருத்தினார்.

அந்த ஏழு பக்கத்தில் ஒன்று இல்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் போட்டு, மடியில் முத்திரையிட்ட சாக்கோடு மல்லிகா உட்கார்ந்திருந்தார். கடைசியாகக் கொக்கியைச் சரிபார்க்கக் குனிந்தேன். அவர் என் தலையைக் காட்டி, சத்தத்துக்கு மேலே கத்தினார்: "எல்லா வீட்டுப் பூவும் போவுது. உங்க வீட்டுப் பூ?"

சாக்கு சரியாகப் பதினைந்து கிலோ. அதற்கு மேல் ஒரு இதழுக்கும் அனுமதி இல்லை. அதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. தராசு பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

தலையிலிருந்து பூவை எடுத்து அவர் மடியில் வைத்தேன். வைக்கும்போது வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டது எனக்கு இன்றும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஒரு முழம் தானே."